இரும்பு லாரியின் சப்பாத்து

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து மூக்கைச் சுளிக்க வேண்டாம். மலாயாவில் ரந்தா என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பல வருடம் லாரி ஓட்டினேன். பாம்புக்குப் பயம், இடிக்குப் பயம், வேலை வாங்கும் கங்காணிக்குப் பயம், கணக்கெழுதும் கிராணிக்குப் பயம். துரையிடம் எனக்கு இருந்ததைப் பயம் என்ற சொல்லுக்குள் அடக்க முடியாது. அவர் மோட்டார் சத்தம் தூரத்தில் கேட்டாலே மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவேன். லாரியின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் நேரத்தில் மட்டும்தான் நான் ஓர் ஆள். அந்த லாரியைத்தான் துரை இரும்புப் பெட்டியாக்கி, அதற்குள் என்னையும் வைத்து மூடினார்.

ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் சோர்ந்து கிடந்த காலம் அது. பாதிக் காட்டில் பால் எடுப்பதில்லை. லாரிக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை. எங்கள் துரை, வெள்ளைக்காரத் துரைமார் சேர்ந்திருந்த வாலண்டியர் படையில் ஓர் ஆபீசர். விடுமுறை நாட்களில் சிரம்பான் போய்ப் படைப் பயிற்சி எடுத்துவிட்டு வருவார். முந்தைய பெரிய சண்டையில் டாங்கி என்கிற இரும்பு வண்டிக்குள் உட்கார்ந்து சண்டை போட்டவர் என்று கிராணி எங்களிடம் சொல்லியிருந்தார். ஒருநாள் சிரம்பானிலிருந்து திரும்பியவர், ஸ்டோர் வாசலில் சும்மா நின்ற என் லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மாட்டுத் தரகன்கூட அப்படிப் பார்க்கமாட்டான்.

பாலை உறையவைத்துத் தகடாக்கும் கட்டடத்தைத்தான் ஸ்டோர் என்போம். அங்கே மெஷின்களைப் பார்த்துக்கொண்ட ஃபிட்டர் நாகூர்ப் பக்கத்து முஸ்லிம். எல்லோருக்கும் அவர் நானா. இங்கே வருவதற்கு முன் கப்பலில் எஞ்சின் அறையில் கரி அள்ளியவர். யாருக்கும் கேட்காத தூரத்தில் துரையைத் திட்டுவார். பக்கத்தில் வந்ததும் "சரிங்க தொர" என்பார். அந்த வகையில் அவரும் என் ஜாதிதான்.

துரை ஒரு காகிதத்தில் படம் போட்டுக் கொண்டுவந்தார். லாரியின் மர உடம்பைக் கழற்றிவிட்டு, சுற்றிலும் கனத்த இரும்புத் தகடு. மேலே ஒரு வட்டமான மூடி, அதன் வழியாகத் துரை தலையை நீட்டிப் பார்க்கலாம். முன்னால் துப்பாக்கிக்கு ஓர் ஓட்டை. டிரைவர் பார்ப்பதற்கு நாலு விரல் அகலத்தில் ஒரு பிளவு. கதவு ஒன்றே ஒன்று, பின்பக்கம். அளவெடுக்கும் நாளில் துரை ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டியை வைத்து, அதன்மேல் தானே உட்கார்ந்தார். பூட்ஸ் போட்ட காலை நீட்டி பிரேக் இங்கே என்றார், கண்ணுக்கு நேராகச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு பிளவு இங்கே என்றார். வண்டியை ஓட்டப்போகிற நான் பக்கத்தில்தான் கைகட்டி நின்றேன். என்னை உட்காரச் சொல்லி ஒருவரும் அளக்கவில்லை. துரை ஆறடிக்கு மேல். நான் அவர் நெஞ்சு உயரம்.

தகடெல்லாம் பூட்டி முடித்த அன்று உள்ளே போய் உட்கார்ந்தேன். பிளவு வழியாக வானம் தெரிந்தது. சடக்கு என்று நாங்கள் சொல்லும் சாலை தெரியவில்லை. நானா ஒரு கட்டையை எடுத்துவந்து சீட்டுக்கு அடியில் அடித்தார். இப்போது சடக்கு தெரிந்தது, கால்தான் சரியாக எட்டவில்லை. சீட்டின் நுனிக்கு நகர்ந்து, குதிகாலைத் தரைத் தகட்டில் ஊன்றி, விரல்களால் பிரேக்கை எட்ட வேண்டும். துரை மேல் மூடி வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"டாங்கியில சீட்டு நல்லா இல்லே. உனக்கு நல்ல சீட்டு."

நானா தைரியமாக ஒன்று கேட்டார். "தொர, உள்ள காத்து வர வழியே இல்லீங்களே. நாலு ஓட்டை போடட்டுங்களா?"

"காத்து வர்ற ஓட்டையில குண்டும் வரும். ஓட்டை வேணாம்."

அவர் தலை வெளியே இருக்கும், என் தலை உள்ளே இருக்கும் என்பதை அந்த இடத்தில் நாங்கள் இருவரும் சொல்லவில்லை.

பிறகு கதவைச் சாத்தினார்கள். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. உள்ளே ஒரே பெட்ரோல் நெடி. எஞ்சினைக் கிளப்பியதும் தகடு முழுவதும் அதிர்ந்து, பல்லும் கூடச் சேர்ந்து அதிர்ந்தது. பேசினால் என் குரல் எனக்கே கேட்கவில்லை. துரையின் உத்தரவு எனக்குக் கேட்பதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். கையிலிருக்கும் பிரம்பால் என் வலது தோளில் தட்டினால் வலப்பக்கம் திருப்ப வேண்டும்; இடது தோளில் தட்டினால் இடப்பக்கம்; முதுகில் குத்தினால் போக வேண்டும்; தலையில் தட்டினால் நிறுத்த வேண்டும். வண்டிமாட்டுக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம், மாடு வெளியே மூச்சு விடுகிறது. இதை அன்றிரவு என் மனைவியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போது ஏழு மாதம்.

முதல் ஓட்டம் ஸ்டோரைச் சுற்றி நாலே சுற்று. மூன்றாவது சுற்றிலேயே உள்ளங்கால் சுடத் தொடங்கியது. இறங்கியதும் நானாவிடம் சொன்னேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

"தம்பி, தகடு ரெண்டு பக்கமும் கீழ வரைக்கும் எறங்கிருச்சு. பொகக் கொழாய்க்கு வேற வழியில்ல. ஒன் காலுக்கு நேர் அடியிலதான் போவுது. மேட்டுல ஏத்துனா இந்தத் தரை தோசக்கல்லு மாதிரி ஆயிரும்."

"அப்ப நான் என்ன நானா செய்யிறது?"

"சப்பாத்து போடு. கப்பல்ல நாங்க சப்பாத்து இல்லாம எஞ்சின் ரூமுக்குள்ள கால வைக்க மாட்டோம்."

சப்பாத்து என்னிடம் இருந்தது. ராசா என்ற ஊரில் ஒரு கடையில் வாங்கிய கான்வாஸ் சப்பாத்து. ஆனால் அது தோட்டத்துக்குள் வந்ததே கிடையாது. ரந்தாவில் ஒரு சீனர் கோப்பிக் கடையில் கொடுத்துவைத்திருந்தேன். சிரம்பான் போகும் நாளில் அங்கே மாட்டிக்கொள்வேன், திரும்பும்போது அங்கேயே கழற்றிவைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்துவருவேன். துரை வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும், குடையை மடக்க வேண்டும், காலில் ஒன்றும் இருக்கக்கூடாது. இதை எவரும் எங்கும் எழுதி ஒட்டவில்லை. நான் வந்த புதிதில், மணமாகி வந்த ஒரு பையன் சப்பாத்துக் காலோடு பெரட்டுக்கு வந்துவிட்டான். காலையில் ஆள்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. கங்காணி அந்தச் சப்பாத்தின் இரண்டு கயிறுகளையும் முடிந்து அவன் கழுத்தில் தொங்கவிட்டு, பெரட்டு முடியும்வரை நிற்கவைத்தார். அவன் அழவில்லை. அவனுடைய புதுப்பெண்தான் அழுதாள். அதைப் பார்த்த ஒருவருக்கும் அதற்குப் பிறகு விளக்கம் தேவைப்படவில்லை.

"தொர மேல ஒக்காந்து என் முதுகப் பாக்குறாரு நானா. குனிஞ்சா காலும் தெரியும். வேணாம்."

"காலு வெந்தா என்ன பண்ணுவே?"

"வெந்தா வேவட்டும்."

வீம்பாகச் சொல்லிவிட்டேன். நானா இரண்டு கோணிச் சாக்கை நனைத்துத் தரையில் விரித்துக் கொடுத்தார். அது நல்ல யோசனை. மறுநாள் துரை வந்து பார்த்தார். பெட்ரோல் சொட்டினால் சாக்கு தீப்பிடிக்கும், உள்ளே எல்லோரும் வெந்து போவோம் என்று பிரம்பு நுனியால் தூக்கி வெளியே எறிந்தார். அவர் சொன்னதும் நியாயம்தான். டாங்கிக்குள் ஆள்கள் எரிந்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அதைச் சொன்னபோது அவர் குரல் ஒரு மாதிரி ஆனது. அவருக்கும் பயம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது, ஆனால் அது எனக்கு ஆறுதலாக இல்லை.

சிரம்பானிலிருந்து மற்றத் துரைமார் வந்து வண்டியைப் பார்க்கும் நாள் குறித்தாயிற்று. துரை பங்களா இருக்கும் குன்றின் மேலிருந்து ஸ்டோர் வரைக்கும் சடக்கு சரிவாக இறங்கும். அந்தச் சடக்கில் வண்டியை மேலே ஏற்றி, திருப்பி, கீழே இறக்கிக் காட்ட வேண்டும். தோட்டத்து ஆள் எல்லோரும் பால் எடுத்து முடித்ததும் சடக்கோரமாக வரிசையில் நின்று பார்க்க வேண்டும் என்று உத்தரவு. என் மனைவி நின்ற இடம் ஸ்டோருக்கு முன்னால் இருக்கும் வளைவு. பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள். வண்டியில் ஏறுவதற்கு முன் அவளைப் பார்த்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவ்வளவுதான்.

ஏற்றம் முழுவதும் வண்டி முக்கி முனகித்தான் ஏறியது. தகட்டின் பாரம் அப்படி. மேலே போய்த் திருப்புவதற்குள் குதிகாலை ஊன்ற முடியவில்லை. ஒரு காலை மற்றக் காலின் மேல் வைத்துப் பார்த்தேன், பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தேன். வேர்வை கண்ணில் வழிந்து எரிந்தது. புகை எங்கேயோ உள்ளே கசிந்து தலை கனத்தது. நிறுத்தி, கால் சுடுகிறது துரை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேர் பிறகு என்னிடம் இதைத்தான் கேட்டார்கள். எட்டு வெள்ளைக்காரர்கள் பங்களா வாசலில் நின்று கைதட்டிக்கொண்டிருக்கும்போது, லாரிக்காரன் கால் சுடுகிறது என்று சொல்ல முடியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

முதுகில் பிரம்பு குத்தியது. இறங்கினேன்.

பாதிச் சரிவில் பிரேக்கை அழுத்தியே வைத்திருக்க வேண்டிய இடம் வந்தது. பிரேக்கும் இரும்புதான். அழுத்தினேன்; கால் தானாகவே துள்ளி மேலே வந்துவிட்டது. நான் எடுக்கவில்லை, காலே எடுத்துக்கொண்டது. வண்டி வேகம் பிடித்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடி துள்ளியது. தலையில் பிரம்பு விழுந்தது. நிறுத்து என்று அர்த்தம். இன்னொரு அடி, இன்னொரு அடி. நிறுத்த எனக்கு விருப்பமில்லை என்று நினைத்தாரோ என்னவோ, அடித்துக்கொண்டே இருந்தார்.

பிளவு வழியாக வரிசை தெரிந்தது. தூரத்தில் ஆள்கள் முழுசாகத் தெரிந்தார்கள். நெருங்க நெருங்க அந்த நாலு விரல் இடுக்கில் தலை போயிற்று, கால் போயிற்று, இடுப்பும் மாருமாகத்தான் தெரிந்தது. வளைவில் ஒரு வயிறு தெரிந்தது. முகம் தெரியாமலே யார் என்று தெரிந்தது. நகரு நகரு என்று கத்தினேன். என் காதுக்கே கேட்காத குரல் அவளுக்கு எங்கே கேட்கும்? அந்த வயிறு அசையவில்லை. நேராக என்னைப் பார்த்து நின்றது.

அப்போது இரண்டு கால்களையும் சேர்த்து பிரேக்கில் வைத்து எழுந்தே நின்றுவிட்டேன். மண்டை மேல் தகட்டில் இடித்தது. துள்ளப் பார்த்த காலைத் துள்ளவிடவில்லை. இறைச்சி கருகும் வாடை எனக்கே வந்தது. ஸ்டீரிங்கை ஒடித்துத் திருப்பினேன். வண்டி சறுக்கி, மண்மேட்டில் மூக்கைக் குத்தி நின்றது. வெளியே என்ன ஆயிற்று என்று தெரியாமல் அந்த இருட்டுப் பெட்டிக்குள் நான் உட்கார்ந்திருந்த நேரம்தான் என் ஆயுளிலேயே நீளமான நேரம்.

நானா பின்கதவைத் திறந்து என்னை இழுத்துப்போட்டார். முதலில் சடக்கில் வெள்ளையாக ஓடியதைத்தான் பார்த்தேன். என் மனைவியின் பால் வாளி நசுங்கிக் கிடந்தது. அவள் அதற்குப் பின்னால், ஒரு கை தூரத்தில், நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

துரை மூடி வழியாக இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது. திட்டத்தான் வாயைத் திறந்தார். பிறகு என் காலைப் பார்த்தார். உள்ளங்காலின் தோல் வண்டிக்குள்ளேயே தங்கிவிட்டது.

"சப்பாத்து எங்கே?"

"தொர முன்னால போடக்கூடாதுங்க."

"யார் சொன்னது?"

நான் கங்காணியைப் பார்த்தேன். கங்காணி கிராணியைப் பார்த்தார். கிராணி துரையைப் பார்த்தார். துரை திரும்பி, சடக்கோரம் நின்ற வரிசையைப் பார்த்தார். தலையைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்துக்கொண்டே போனார். அத்தனையும் வெறுங்கால். இத்தனை வருடத்தில் அவர் எங்கள் காலைப் பார்த்தது அன்றுதான் என்று அடித்துச் சொல்வேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் மருந்து போட்டு, ஒன்றரை மாதம் காலைத் தரையில் வைக்கக்கூடாது என்றார். என் மனைவி தினமும் வேலை முடிந்து வந்து கட்டிலருகே உட்காருவாள். பல நாள் கேட்க நினைத்து, ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"வண்டி மேல வருதுன்னு தெரிஞ்சிச்சுல்ல. ஏன்டி நகரல?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"தொர வண்டி வரும்போது எப்புடிங்க நகர்றது? வரிசை கலையச் சொல்லலயே."

அவளைத் திட்ட வாயெடுத்தேன். என் காலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. நாங்கள் இருவரும் ஒரே பைத்தியம். அவள் வெளியே நின்றாள், நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான் வேறுபாடு. அன்று இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. அவள் இனியும் அப்படியே நிற்பாள் என்பது புரிந்துவிட்டது.

கால் ஆறி வேலைக்குத் திரும்பியபோது வண்டியில் ஒரு ஜோடி பட்டாளத்துச் சப்பாத்து இருந்தது. துரை வாங்கிக் கொடுத்தது. கிராணி என்னைத் தனியே கூப்பிட்டு விளக்கினார்.

"இது வண்டிக்கு உள்ள சப்பாத்து. உனக்கில்ல. உள்ள போயி மாட்டிக்க. எறங்கறதுக்கு முன்னால கழட்டிரு. புரியிதா?"

புரிந்தது. அப்படியே செய்தேன். குனிந்து முதுகை வளைத்து அந்த இடுக்கில் கயிறு கட்டுவதும் அவிழ்ப்பதும் பெரும்பாடு. கால் சுடவில்லை, உண்மைதான். ஆனால் சப்பாத்து இரண்டு விரல் பெரிது. பிரேக்கில் கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. பயம் ஒரு பக்கம் போய் இன்னொரு பக்கமாக வந்தது.

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மறுபடியும் வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். மறுபடியும் சடக்கோரம் வரிசை. வராதே என்று காலையிலேயே அவளிடம் சொல்லியிருந்தேன். கங்காணி நாங்கள் குடியிருந்த லயத்துக்கே வந்து கூப்பிட்டிருக்கிறார். ஏறி, திருப்பி, இறங்கினேன். அதே பாதிச் சரிவு. இந்தத் தடவை பிரேக் பிடித்தது. வண்டி சாதுவாகத்தான் இறங்கியது. வளைவு வந்தது. நாலு விரல் இடுக்கில் அதே இடம், அதே புடவை. போன தடவை வயிறு இருந்த இடத்தில் துணி சுற்றிய குழந்தை.

தலையில் பிரம்பு விழவில்லை. நானாகவே நிறுத்தினேன்.

முதுகில் குத்தினார், போ என்று. போகவில்லை. இன்னும் பலமாகக் குத்தினார். பின்னால் தவழ்ந்துபோய்க் கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினேன். பளீரென்று வெயில். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேராகப் போய் அவள் கையைப் பிடித்து, சடக்கை விட்டு, வரிசையை விட்டு, முதல் ரப்பர் மரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். வரிசையில் அவளுக்கு அடுத்து நின்ற பெண்ணும் ஒன்றும் கேட்காமல் எங்கள் பின்னால் வந்துவிட்டாள்.

கங்காணி என் முகத்தைப் பார்க்கவில்லை, கீழே பார்த்துக்கொண்டிருந்தார். துரை மூடிக்கு மேலே பாதி உடம்போடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மனைவி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னாள்.

"ஏங்க... காலுல சப்பாத்து கெடக்கு."

"தெரியும்" என்றேன்.

பொய். அவள் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. கழற்றலாமா என்று ஒரு நிமிடம் நின்றேன். பிறகு அந்தச் சப்பாத்தோடேயே சடக்கில் ஏறி, துரை பார்க்க, வண்டிக்குத் திரும்பி நடந்தேன்.